வாட்ஸ்அப்ல கதையை அனுப்பினா உரிமை போயிடுமா?

பட்டர்வொர்த்துல இருந்து ஒரு வாசகி நீளமா ஒரு கடிதம் அனுப்பியிருக்காங்க. ஆளை அடையாளம் காட்டற விஷயங்களை எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். 46 வயசு, பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில ஷிப்ட் வேலை. அப்பா அம்மா பால் வெட்டின ரப்பர் தோட்டத்தை வச்சு ஒரு நாவல் எழுதியிருக்காங்க, முதல்ல நோட்டுப் புத்தகத்துல, அப்புறம் போன்ல டைப் பண்ணி, ரெஸ்ட் டைம்லயும் ஃபெரியிலயும் உக்காந்து. தமிழ்நாட்டுப் பதிப்பகம் ஒண்ணுக்கு அனுப்பினாங்க, பதிலே வரல. இங்க ஒரு இடத்துல தோட்டக் கதையெல்லாம் இப்ப யார் படிக்கறான்னு திருப்பிட்டாங்க. மூணாவதா ஒரு பதிப்பகம் நாவல் பிரமாதம்னு சொல்லி, 9,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டினா 500 காப்பி போடறோம்னு இங்கிலீஷ்ல ஒரு ஒப்பந்தம் அனுப்பியிருக்கு. இடம் பிடிச்சு வைக்கன்னு 500 வெள்ளி வாங்கியும் ஆச்சு. மாசக் கடைசிக்குள்ள கையெழுத்து வேணுமாம்.

இதுக்கு நடுவுல கூட வேலை செய்யறவங்களுக்கு வாரம் ஒரு அத்தியாயம் வாட்ஸ்அப்ல அனுப்ப ஆரம்பிச்சிருக்காங்க. நாலஞ்சு பேர் படிச்சது இப்ப 60 பேருக்கு மேல ஆயிடுச்சு, அடுத்த அத்தியாயம் எப்போன்னு கேண்டீன்ல வந்து கேக்கறாங்களாம். ஆனா தம்பி பயமுறுத்தறார்: "இப்படி அனுப்பினா எவனாச்சும் திருடிடுவான், உனக்கு உரிமையும் போயிடும், அப்புறம் எந்தப் பதிப்பகமும் எடுக்காது, பேசாம பணத்தைக் கட்டி புக்கு போடு." ஃபேக்டரியில உக்காந்து எழுதினதால கம்பெனிக்கு சொந்தமாயிடுமோன்னு வேற ஒரு பயம். கடைசியா ஒரு கேள்வி: புத்தகமே வராத நான் என்னை எழுத்தாளர்னு சொல்லிக்கலாமா?

நீங்க எனக்கு அக்கா வயசு, அதனால அக்கான்னே கூப்பிடறேன். நான் ஜார்ஜ் டவுன்ல ஒப்பந்தம், காப்பிரைட் கேஸ் எல்லாம் பாக்கற வக்கீல், இலக்கிய விமர்சகர் கிடையாது, ஆனா உங்க கடைசிக் கேள்விக்கு சட்டத்துலயே பதில் இருக்கு, அதுல இருந்தே தொடங்கறேன்.

மலேசியாவோட காப்பிரைட் சட்டம் 1987-ல வந்தது. அதுல ஒரு எழுத்துக்கு உரிமை எப்போ வருதுன்னா, அது உங்க சொந்த உழைப்புல உருவாகி, எழுத்துலயோ வேற ஏதாவது வடிவத்துலயோ பதிவான அந்த நிமிஷமே வந்துடுது. புத்தகம் வந்திருக்கணும்னு இல்ல, ஐஎஸ்பிஎன்னு சொல்ற புத்தக எண் வாங்கியிருக்கணும்னு இல்ல, யார்கிட்டயும் பதிவு பண்ணியிருக்கணும்னும் இல்ல. ஃபெரியில உக்காந்து நோட்டுல நீங்க எழுதின முதல் பக்கத்துக்கே நீங்கதான் ஆசிரியர், சட்டம் அந்த வார்த்தையைத்தான் உங்களுக்கு வச்சிருக்கு. அந்த உரிமை உங்க ஆயுசு முழுக்க இருக்கும், உங்களுக்கு அப்புறம் இன்னும் 50 வருஷம் உங்க பிள்ளைங்களுக்கு இருக்கும். எழுத்தாளரான்னு கேட்டீங்க, ஆமாக்கா, எழுதி முடிச்ச அன்னிக்கே. இன்னும் புத்தகமா வரல, அவ்வளவுதான்.

பதிப்பகம் பதில் போடாததை உங்க எழுத்துக்குக் கிடைச்ச மார்க்கா எடுத்துக்காதீங்க. இந்த ஊர்ல முந்தியெல்லாம் புதுசா எழுதறவங்க ஞாயிறு பேப்பருக்கு ஒரு சிறுகதை அனுப்புவாங்க, அதுல வந்தா நாலு பேர் பேசுவாங்க, அப்படியே தொடர்கதை, புத்தகம்னு போகும். 1924-ல ஆரம்பிச்ச தமிழ் நேசனே 2019-ல நின்னுபோச்சு. அந்தப் பக்கங்கள் குறையக் குறைய புது ஆளுங்க உள்ள வர்ற வாசலும் குறைஞ்சுபோச்சு. பதிப்பகக்காரங்க பக்கமும் யோசிச்சுப் பாக்கணும், இங்க தமிழ்ப் புத்தகம் வாங்கறவங்க கொஞ்சம் பேர், பேரு தெரியாத ஒருத்தரோட நாவலுக்கு அச்சுக்கூலி போட்டு அது குடோன்ல தூங்கினா நஷ்டம் அவங்களுக்கு. அதனாலதான் எழுதறவங்களையே பணம் போடச் சொல்றாங்க. பணம் கேக்கறதாலயே ஒருத்தரை ஏமாத்துக்காரர்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குக் கவலை பணத்தைப் பத்தி இல்ல, அந்தக் காகிதத்துல பணத்தோட சேத்து வேற என்ன கேட்டிருக்காங்கங்கறதுதான். அதுக்கு அப்புறம் வர்றேன்.

திருடிடுவாங்கன்னு பயம்

தம்பி பாசத்துல சொல்றார், ஆனா ரெண்டு வேற வேற விஷயத்தை ஒண்ணா குழப்பிக்கிட்டார். அத்தியாயத்தை வாட்ஸ்அப்ல அனுப்பினதால உங்க உரிமை ஒரு துளிகூட குறையாது. நம்ம சட்டப்படி காப்பிரைட்டை இன்னொருத்தருக்கு மாத்திக் குடுக்கறதோ, பயன்படுத்திக்க அனுமதி குடுக்கறதோ எழுத்துல இருந்தாத்தான் செல்லும். உங்க குரூப்ல இருக்கறவங்க படிக்கலாம், ரசிக்கலாம், யாரும் அதை அச்சடிக்கவோ தன் பேர்ல போடவோ முடியாது. மீறி போட்டா கோர்ட்டுக்குப் போகலாம், உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்னு காட்ட முடியாட்டியும் ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி வரைக்கும் நஷ்டஈடு குடுக்கச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு.

ஆனா சட்டம் காப்பாத்தாததும் ஒண்ணு இருக்கு, அதையும் மறைக்காம சொல்லிடறேன். கருத்துக்கு உரிமை கிடையாது. லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல, வளந்த பொண்ணு ஃபேக்டரி பஸ் ஏறி பினாங்குக்கு வர்றாங்கற கதையை யாரு வேணா எழுதலாம், ஏன்னா அது நம்ம ஊர்ல எத்தனையோ குடும்பத்தோட கதை. நாவலோட தலைப்புக்கும் காப்பிரைட் கிடையாது. உங்களோடது என்னன்னா நீங்க எழுதின வாக்கியங்கள், நீங்க கட்டின காட்சிகள், அந்தப் பாட்டி பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன்னாடி பேர் குடுக்கற இடத்துக்கு, போற காலையை நீங்க சொன்ன விதம். நீங்க அனுப்பின ரெண்டு அத்தியாயத்தைப் படிச்சுட்டுத்தான் சொல்றேன், அதை இன்னொருத்தர் தன் கையால எழுதிட முடியாது.

பயம் வேணாம்னு சொன்னாலும் ஜாக்கிரதை வேணும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அடியில காப்பிரைட் குறி, உங்க பேர், வருஷம், அப்புறம் "ஆசிரியரோட எழுத்து அனுமதி இல்லாம மறுபதிப்பு செய்யக்கூடாது"ன்னு ஒரு வரி போடுங்க. மெசேஜா ஒட்டாம பிடிஎஃப்பா அனுப்புங்க, ஃபார்வர்ட் ஆகும்போது மெசேஜ்ல இருந்து பேரு கழண்டுபோற மாதிரி அதுல சுலபமா கழலாது. பழைய நோட்டுகளை தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க, அடிச்சுத் திருத்தின கையெழுத்துப் பக்கங்களைவிட நல்ல சாட்சி கிடையாது. குரூப்ல தேதியோட இருக்கற மெசேஜ் எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணி உங்க ஈமெயிலுக்கே அனுப்பி வச்சுக்குங்க. யாரோ உங்களுக்கு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்களே, தனக்குத்தானே ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பி உறையைப் பிரிக்காம வச்சுக்கறதுன்னு, அதுக்கு செலவு பண்ண வேணாம். உறையை முதல்ல ஒட்டாம அனுப்பிட்டு அப்புறம் உள்ள வேற காகிதத்தை வச்சு ஒட்டலாம், அதனால எதிர்த்தரப்பு வக்கீல் அதை ரெண்டே கேள்வியில ஒண்ணுமில்லாம பண்ணிடுவார்.

அதைவிட நல்ல வழி மைஐபிஓன்னு சொல்ற மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்துல தன்விருப்ப அறிவிப்பு குடுக்கறது. 2012 ஜூன்ல இருந்து இந்த வசதி இருக்கு. நாவலோட ஒரு காப்பியும், நான்தான் எழுதினேன்னு ஒரு எஸ்டியும், அதாவது சத்தியப் பிரமாணமும் சேத்துக் குடுக்கணும். இதனால புதுசா உரிமை பிறக்காது, அது ஏற்கனவே இருக்கு, ஆனா நாளைக்கு தகராறு வந்தா அந்தப் பதிவேட்டுல இருந்து எடுத்த நகலை கோர்ட் முதல்கட்ட சாட்சியா ஏத்துக்கும், இல்லன்னு நிரூபிக்கற வேலை எதிர்த்தரப்புக்குப் போயிடும். நாவலை முழுசா திருத்தி முடிச்சதும் ஒரு தடவை செஞ்சுடுங்க, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஓட வேணாம்.

கம்பெனி பயத்துக்கு ஒரே வார்த்தை, இல்ல. வேலையோட பகுதியா எழுதினது மட்டும்தான் முதலாளிக்குப் போகும். உங்க வேலை லைன்ல போர்டு செக் பண்றது, நாவல் எழுதறது இல்ல. இருந்தாலும் இனிமே கம்பெனி கம்ப்யூட்டர்ல கதையை வைக்காதீங்க, வேற வருமானம் பத்தி அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல ஏதாவது போட்டிருக்கான்னும் ஒரு தடவை பாத்துடுங்க.

அந்த ஒப்பந்தம்

உண்மையில உங்க நாவலுக்கு ஆபத்து வாட்ஸ்அப்ல இல்லக்கா, நீங்க அனுப்பியிருக்கற ஒப்பந்தத்தோட மூணாவது பக்கத்துல இருக்கு. ஆசிரியர் இந்தப் படைப்பின் எல்லா உரிமைகளையும், உலகம் முழுக்க, நிரந்தரமா பதிப்பாளருக்கு மாத்திக் கொடுக்கறார்னு அதுல தெளிவா போட்டிருக்கு. நீங்க அதை ‘அச்சடிக்க பெர்மிஷன்’னு புரிஞ்சுக்கிட்டதா எழுதியிருக்கீங்க. இல்லக்கா. வீட்டை அஞ்சு வருஷத்துக்கு வாடகைக்கு விடறதும், கெரானையே, அதாவது வீட்டுப் பட்டாவையே, அவங்க பேருக்கு மாத்தி எழுதிக் குடுக்கறதும் ஒண்ணா? இதுல கையெழுத்து போட்டா, அடுத்த அத்தியாயத்தை உங்க குரூப்புக்கு அனுப்பறதுக்குக்கூட அவங்ககிட்ட அனுமதி வாங்கணும், ரெண்டாவது பதிப்பு வேணும்னா அவங்க மனசு வைக்கணும், மலாய்ல மொழிபெயர்க்க ஒருத்தர் வந்தா காசு அவங்களுக்கு, நாடகமா போட்டாலும் அவங்களுக்கு. இத்தனைக்கும் அச்சுச் செலவு பூரா உங்களோட 9,000 வெள்ளி. அவங்க போடற பணம் என்னன்னு தேடிப் பாத்தேன், ஒப்பந்தத்துல அப்படி ஒண்ணுமே இல்ல.

உங்க பேரை எடுத்துட்டு வேற பேர்ல போடறதோ, உங்க மானம் போற மாதிரி கதையைச் சிதைக்கறதோ முடியாது, அந்த தார்மீக உரிமை காப்பிரைட்டை மாத்திக் குடுத்த பிறகும் உங்களோடயே இருக்கும். அதை வச்சு மட்டும் திருப்திப்பட்டுக்காதீங்க.

அவங்களோட பேசணும்னு நினைச்சா இதையெல்லாம் மாத்தித் தரச் சொல்லுங்க. உரிமை உங்ககிட்டயே இருக்கணும், அவங்களுக்கு அச்சுப் புத்தகம் போடற அனுமதி மட்டும், அதுவும் மூணு இல்லேன்னா அஞ்சு வருஷத்துக்கு. ஈபுக், ஆடியோ, மொழிபெயர்ப்பு, நாடகம், சினிமா எதுவும் அதுல வரக்கூடாது. 500 காப்பியில எத்தனை உங்க வீட்டுக்கு வரும், எத்தனை அவங்க விப்பாங்க, வித்ததுக்கு எப்போ கணக்கு, விக்காததை யாரு எடுத்துக்கறது, எந்தத் தேதிக்குள்ள அச்சாகணும், ஆகலேன்னா பணம் திரும்ப வருமா, இது ஒவ்வொண்ணும் எழுத்துல வேணும். வாய் வார்த்தையா "அதெல்லாம் பாத்துக்கலாம்"னு சொன்னாங்கன்னா அது ஒப்பந்தத்துல இல்லன்னுதான் அர்த்தம். இதை மாத்த முடியாதுன்னு சொன்னா கையெழுத்து போடாதீங்க. மாசக் கடைசிங்கற கெடு அவங்களா வச்சது, உங்க நாவலுக்கு அப்படி ஒரு கெடுவும் கிடையாது.

நேரா வாசகர்கிட்ட போறது

அப்போ என்ன செய்யறதுன்னா, நீங்க ஏற்கனவே செஞ்சுக்கிட்டு இருக்கறதை இன்னும் கொஞ்சம் ஒழுங்கா செய்யுங்கன்னுதான் சொல்வேன். 60 பேர் ஷிப்ட் முடிஞ்ச களைப்புல ஒரு அத்தியாயத்துக்காகக் காத்திருக்காங்கன்னா அது சாதாரண விஷயம் இல்ல, தோட்டக் கதையை யாரு படிக்கறான்னு கேட்டவங்களுக்கு அந்த 60 பேர்தான் பதில். அவங்ககிட்ட நல்லா இருக்கான்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. எந்த இடத்துல போனைக் கீழ வச்சீங்க, யாரு யாருன்னு எங்க குழம்புச்சுன்னு கேளுங்க, திருத்தறதுக்கு அதுதான் உதவும்.

முழு நாவலையும் அனுப்பிட வேணாம். கடைசி மூணுல ஒரு பங்கை கையில வச்சுக்குங்க. தம்பி சொன்னதுல ஒரு பாதி உண்மை இங்கதான் இருக்கு, சில பதிப்பகமும் பல போட்டிகளும் எங்கயும் வெளிவராத படைப்புதான் வேணும்னு கேப்பாங்க, மூடின குரூப்ல பகிர்ந்ததையே சிலர் வெளியீடுன்னு எடுத்துக்கலாம். அதனால போட்டிக்கு அனுப்பணும்னு நினைக்கற சிறுகதைகளை குரூப்ல போடாம தனியா வைங்க, போட்டி ஃபார்ம்ல கையெழுத்து போடும்போதும் பரிசு வாங்காத கதையோட உரிமையும் நடத்தறவங்களுக்குப் போகுதான்னு பாருங்க, அந்த ஃபார்மும் எழுத்து ஒப்பந்தம்தான்.

புத்தகமா கையில புடிக்கணும்னு உங்களுக்கு ஆசை இருக்கு, அது நியாயமான ஆசை. ஓய்வா இருக்கற அன்னிக்கு ரெண்டு மூணு அச்சகத்துல நேரா விலை கேளுங்க, ஏ5 சைஸ், இத்தனை பக்கம், 100 காப்பிக்கு எவ்வளவு, 300-க்கு எவ்வளவுன்னு. 500 போடணும்னு யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. புத்தகத்துக்கு பெர்மிட் தேவையில்ல, ஆனா மாசா மாசம் அச்சுல பத்திரிகை மாதிரி போடற யோசனை வந்தா 1984-ம் வருஷ அச்சகச் சட்டப்படி உள்துறை அமைச்சோட பெர்மிட் வேணும், அந்தப் பக்கம் போகாதீங்க. புத்தகத்துல அச்சகத்தோட பேர் விலாசமும், பதிப்பாளரா உங்க பேர் விலாசமும் மலாய்லயோ இங்கிலீஷ்லயோ கண்டிப்பா இருக்கணும், தமிழ்ப் புத்தகம்தானேன்னு விட்டுடறவங்க இருக்காங்க. ஐஎஸ்பிஎன் கோலாலம்பூர் தேசிய நூலகத்துல இலவசமாவே தர்றாங்க, தனி ஆளும் கேக்கலாம், அதுக்குன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. புத்தகம் வந்த ஒரு மாசத்துக்குள்ள அதே நூலகத்துக்கு 5 காப்பி அனுப்பி வைக்கணும், இது 1986-ம் வருஷ சட்டம், செலவு உங்களோடது. அந்த 5 காப்பியை நான் செலவா பாக்க மாட்டேன், உங்க அம்மாவோட தோட்டம் நாட்டோட நூலகத்துல ஒரு அலமாரியில இருக்கும்.

வாசகர்கிட்ட முன்கூட்டியே பணம் கேக்க கூச்சமா இருக்கு, பிச்சை எடுக்கற மாதிரி இருக்குன்னு எழுதியிருந்தீங்க. அந்த வரியைப் படிச்சு எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. 1887-ல சீவக சிந்தாமணியை உ.வே.சாமிநாதையர் அச்சுல கொண்டு வந்தாரே, கையில காசு இல்லாம, புத்தகம் வந்தா வாங்கிக்கறோம்னு ஆளுங்ககிட்ட கையொப்பம் வாங்கித்தான் கொண்டு வந்தார். தமிழ்ப் புத்தகத்துக்கு இது பழைய வழி, தலை குனிய ஒண்ணும் இல்ல. கணக்கு மட்டும் சுத்தமா இருக்கட்டும். தனி பேங்க் அக்கவுண்ட்ல டூயிட்நவ் கியூஆர் வச்சு வாங்குங்க, யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு எழுதி வைங்க, எப்போ புத்தகம் கையில கிடைக்கும், கிடைக்கலேன்னா பணம் எப்போ திரும்ப வரும்னு முதல்லயே சொல்லிடுங்க. ஒரு தடவையோட நிக்காம தொடர்ந்து விக்கப் போறீங்கன்னா எஸ்எஸ்எம்ல, அதாவது வியாபாரத்தைப் பதியற ஆணையத்துல, பதிஞ்சுக்குங்க, சொந்தப் பேர்லயே பதிஞ்சா வருஷத்துக்கு 30 வெள்ளிதான். பின்னாடி ஏதாவது பதிப்பகம் உங்களுக்கு ராயல்டி குடுக்க ஆரம்பிச்சா, இலக்கியப் படைப்புக்கு வர்ற ராயல்டியில வருஷத்துக்கு 20,000 வெள்ளி வரைக்கும் வருமான வரி விலக்கு இருக்கு, அதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க. தைப்பூசத்துல தண்ணீர்மலைப் பக்கம் மேசை போடற எண்ணம் இருந்தா கவுன்சில்ல முன்னாடியே கேட்டுக்குங்க.

கிராணி பேரு

நீங்க கேக்காத ஒரு விஷயம், ஆனா நான் சொல்லியே ஆகணும். நாவல்ல வர்ற அந்தக் கிராணிக்கு, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்கு, நிஜப் பேரையே வச்சிருக்கீங்க, அவர் இன்னும் உயிரோட இருக்கார்னும் எழுதியிருக்கீங்க. சம்பளத்துல கை வச்சார், பொண்ணுங்ககிட்ட தப்பா நடந்தார்னு கதையில வருது. அது நடந்ததுன்னே வச்சுக்குவோம், அவர் மானநஷ்ட கேஸ் போட்டா நடந்ததுன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க, சாட்சி சொல்ல வேண்டிய பெரியவங்க இப்போ எத்தனை பேர் இருக்காங்க? பேரை மாத்தினா மட்டும் பத்தாது, தோட்டத்தோட பேரு, அவரோட மோட்டார் சைக்கிள், அந்த நொண்டற கால், அவர்தான்னு ஊரே கண்டுபிடிக்கற எல்லாத்தையும் மாத்துங்க. அந்த அநியாயத்தை எழுதாதீங்கன்னு நான் சொல்லல, அதை எழுதத்தான் நீங்க இத்தனை வருஷம் உக்காந்திருக்கீங்க, அது கண்டிப்பா வரணும். ‘உண்மைக் கதை’ங்கற அந்த அட்டை வரியை மட்டும் எடுத்துடுங்க. குரூப்ல அந்த அத்தியாயம் இன்னும் போகலேன்னு நினைக்கறேன், திருத்தாம அனுப்ப வேணாம், ஆன்லைன்ல போன ஒண்ணை திரும்பப் புடிக்க முடியாது.

கடைசியா அந்த 500 வெள்ளி. நீங்க எதுலயும் கையெழுத்து போடல, ரசீதுல ‘திருப்பித் தரப்படாது’ன்னும் இல்ல. முதல்ல ஒரு ஈமெயில் போடுங்க, கோபமா வேணாம், "ஒப்பந்தத்தோட நிபந்தனைகள் எனக்கு ஒத்துவரல, என் நாவலோட எந்த உரிமையையும் நான் உங்களுக்குக் குடுக்கல, அனுப்பின ஃபைலை அழிச்சுடுங்க, குடுத்த பணத்தை 14 நாளுக்குள்ள இந்த அக்கவுண்ட்டுக்கு அனுப்பிடுங்க"ன்னு. ஃபோன்ல பேசினா பேசினதையும் அன்னிக்கே ஈமெயில்ல எழுதி அனுப்பிடுங்க. அவங்க ஏதாவது வேலை செஞ்சிருந்தா, அட்டை வரைஞ்சது மாதிரி, அதுக்குன்னு கொஞ்சம் புடிச்சுக்கப் பாப்பாங்க, அப்போ என்ன வேலை, எவ்வளவுன்னு பில் கேளுங்க. தரலேன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டோட சிறு கோரிக்கைப் பிரிவுல நீங்களே கேஸ் போடலாம், 5,000 வெள்ளி வரைக்கும் அங்க பாப்பாங்க, வக்கீல் வைக்க வேண்டிய அவசியமே இல்ல. பேங்க் ட்ரான்ஸ்ஃபர் ரசீது, அவங்க அனுப்பின மெசேஜ், அந்தக் கையெழுத்து போடாத ஒப்பந்தம், மூணையும் பிரிண்ட் எடுத்து ஒரு ஃபைல்ல வச்சுக்குங்க.